பதிமூன்றாம் நம்பர் ஸ்பானர்

ஓட்டுவது ஜெபக்கனி.
காற்று என் பொறுப்பு.
மலீஹா தாண்டித் தார் முடிகிற இடத்தில் இறங்கி
நாலு டயருக்கும் குந்தி
முப்பத்தைந்தைப் பதினாலாக்குவேன்.
திரும்பி வந்ததும் பதினாலை முப்பத்தைந்தாக்குவேன்.
நடுவில் இருக்கும் மணலெல்லாம் அவளுடையது.

போன டிசம்பரில்
மேட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு பிக்கப்.
ரிம்மை விட்டுக் கழன்ற டயர்
வாய் பிளந்து கிடந்தது.
எங்கள் வண்டி அங்கே இறங்கினால் ஏறாது.
ஹோஸ் எட்டவில்லை, ஒரு மேடு குறைந்தது.
கம்ப்ரசரோ டிக்கித் தரையில்
நாலு போல்ட்டில்,
எவன் வந்தாலும் அசையக்கூடாதென்று
நானே முறுக்கி வைத்தது.
கதவோரம் குனிந்து மூன்றைக் கழற்றினேன்.
நாலாவதில் ஸ்பானர் கைதவறிக் கீழே போனது.
உண்டியல்கூடக் காசு விழுந்தால் சத்தம் போடும்.
மணல் போடவில்லை.

பிக்கப்காரர் ஹமூத்
தெர்மாஸைத் திறந்து எனக்குக் கஹ்வா ஊற்றினார்.
மாட்டிக்கொண்டவர் அவர்,
ஆறுதல் எனக்கு.
இருட்டும்வரை மூன்று பேரும்
கையால் மணலைச் சலித்தோம்.

பகலில் நான் கட்டடங்களுக்கு ஏசி டக்ட் வரைகிறவன்.
ஜனவரி முழுக்க அந்தத் தாள்களின் பின்பக்கத்தில்
வேறொன்றை வரைந்தேன்:
தரையோடு ஒரு தகடு, அதில் இரண்டு தண்டவாளம்,
கம்ப்ரசரின் காலுக்குக் கீழே இன்னொரு தகடு,
மேசை இழுப்பறை போல உள்ளே போகும்,
கடைசியில் ஸ்ப்ரிங் வைத்த முளை ஒன்று
தன் துளையைத் தானே தேடி விழும்.

ஷார்ஜா இண்டஸ்ட்ரியல் ஏரியாவில்
குல் ஜமான் வெட்டித் தந்தார்,
ஆறு மில்லி அலுமினியம்.
சாவிக்கொத்தால் ஒரு தட்டுத் தட்டி
"ஆடும்" என்றார்.
ஆடியது, ஒரு மில்லி.
பார்க்கிங்கில் ஒரு மில்லி என்பது ஒன்றுமில்லை.
மணலில் அது தவில்.

குளியலறைச் செருப்பில் ஒன்றை
நீலப் பட்டைகளாக அறுத்து
தண்டவாளங்களின் உள்பக்கம் ஒட்டினேன்.
மிஞ்சிய ஒற்றைச் செருப்போடு
ஜெபக்கனி ஒரு வாரம் நொண்டினாள், வேண்டுமென்றே.
வயருக்கு, பிடித்து இழுத்தால் வருகிற
தடித்த சாம்பல்நிற ப்ளக்.

போனில் நேரம் பிடித்தாள்.
பதினொரு நொடி.
அடுத்தது ஒன்பது.
மூன்றாவதில் விரல் நசுங்கியது,
அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

மணலுக்குப் போகும் முன்
அது ஆறாம் மாடிக்குப் போனது.
அஜ்மானில் கம்பெனி மூடிவிட்டார்கள்.
அவள் சித்தி மகன் அமலதாஸ்
ஒரு பெட்டி, ஒரு மஞ்சள் ஹெல்மெட்டோடு
வாசலில் நின்றான்.
ஹாலில் காற்று மெத்தைதான் போட முடியும்.
இரவு பதினொன்றரைக்கு லிஃப்டில்
என் கையில் எட்டு கிலோ கம்ப்ரசர்,
அவன் கையில் பால் கிரேட்டில் பழைய பேட்டரி.
"கழட்டவா இவ்வளவு நேரம்னு நெனச்சேன் அத்தான்,
டக்குனு வந்திருச்சு."
அவன் அன்று பேசியது அவ்வளவுதான்.

பக்கத்து வீட்டுக்காரர் சுவரைத் தட்டுவதற்குள்
மெத்தை முதுகு நிமிர்ந்துவிட்டது.
கேஜைப் பார்த்தேன்.
முள் சுழியத்தை விட்டு நகரவே இல்லை.
டயரைத் தாங்க முப்பத்தைந்து கேட்கிற காற்று
ஒரு ஆளைப் படுக்கவைக்க
எண்ணில் வராத அளவே போதும் போல.
அவன் படுத்தான்.
தாங்கியது.

பிப்ரவரி சனிக்கிழமை மூன்று பேராகக் கிளம்பினோம்.
முளை விழுகிற 'டக்' கேட்டதும்
திரும்பிப் பார்க்காமலே ஜெபக்கனி கியர் மாற்றினாள்.
செருப்பு தன் வேலையைச் செய்தது, சத்தமில்லை.
பின்சீட்டில் அமலதாஸ் மட்டும்
ஒவ்வொரு இறக்கத்திலும் கையைப் பின்னால் நீட்டி
அதைப் பிடித்துக்கொண்டான்,
பிடிக்கவேண்டியதில்லை என்று சொல்லியும்.

டிசம்பர் மேடு இருந்த இடத்தில்
மேடு இல்லை.
காற்று அதை எங்கோ தள்ளிக்கொண்டு போயிருந்தது.
ஜன்னல் வழியே நான் எட்டி எட்டிப் பார்ப்பதைக் கண்டு
"என்னத்தத் தேடுறீங்க?" என்றான்.
"பதிமூணாம் நம்பரு" என்றாள் அவள்,
ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுக்காமல்.